ஹைலக்ஸ் டபுள் கேப்புக்கு என்ன ஷொக் போடலாம்? மோனோடியூப்பா, ட்வின் டியூப்பா? (மட்டக்களப்பு படுவான்கரை வயல் ரோட்டு, இடைக்கிட அம்பாறை பாணமைப் பக்கம்)

முதல்ல ஒண்டச் சொல்லிடுறன், பாரத்தத் தாங்குறது ஷொக் (ஷொக் அப்சோபர்) இல்ல, பின்னுக்கு அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டை ஸ்பிரிங், அதாவது பிளேட்தான். நெல்லு மூட்டை ஏத்தினா பின்பக்கம் குந்துது எண்டு கேட்டிருக்கிறீங்க, அதுக்கு எவ்வளவு விலைக்கு ஷொக் வாங்கிப் பூட்டினாலும் குந்துறது குந்தத்தான் செய்யும். பிளேட்ட முதல்ல சரியாக்குங்க, பிறகு அந்தப் பிளேட்டுக்குத் தோதா ஷொக் பாருங்க. ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்த அடக்கி அத ஒயிலுக்குள்ள சூடா மாத்துறதுதான் ஷொக்குட வேலை.

அந்தச் சூடுதான் நம்மட பக்கத்துல பிரச்சினை. பாணமையால ஓகந்தைக்குப் போற கிறவல் ரோட்டுல வரி வரியா மேடு விழுந்து கிடக்கும், பெரிய பள்ளத்த விட அந்தச் சின்ன வரிதான் ஷொக்கக் கொல்லுறது, ஏனெண்டா நிமிசத்துக்கு நூத்துக்கணக்குல அது மேலயும் கீழயும் அடிபட்டு ஒயில் கொதிச்சு, சாதாரண ட்வின் டியூப்புல (குழாய்க்குள்ள குழாய்) ஒயிலும் காஸும் ஒரே இடத்துல இருக்கிறதால குலுக்கின சோடா மாதிரி நுரைச்சிடும், நுரைச்சா பிஸ்டனுக்குப் பிடி இல்ல, வாகனம் மிதக்கத் தொடங்கும்.

மோனோடியூப்புல (ஒற்றைக் குழாய்) காஸ் தனியா, ஒயில் தனியா, நடுவுல இன்னொரு பிஸ்டன் பிரிக்கும், சூடும் கெதியா வெளியேறும். ஆனா பிஸ்டன் ஓடுறதே வெளிக்குழாய்க்குள்ளதான், கல்லுப்பட்டு நசுங்கினா இறுகிடும். ட்வின் டியூப் அந்த நசுங்கல ஓரளவுக்குத் தாங்கும். இதுக்கு நடுவுல ஃபோம் செல் எண்டு ஒண்டு இருக்கு, டஃப் டோக் மாதிரி ஒஸ்ரேலியக் கம்பனிகள் செய்யுது, காஸ ஃபோமுக்குள்ள அடைச்சிருக்கிறதால நுரைக்காது. பாரம் ஏத்தி வட்டைக்குள்ள மெதுவா ஓடுற உங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவன். வெறும் வாகனத்துல கிறவல்ல வேகமா ஓடுற ஆளெண்டா பில்ஸ்டீன் கம்பனி மோனோடியூப்.

கடைக்காரர் "ஹார்ட் போடுங்க"ண்டுதான் சொல்லுவாங்க, கேக்காதீங்க. கம்பனிப் பிளேட்டுக்கு அளவுக்கு மிஞ்சி இறுக்கமான ஷொக் போட்டா, ஒரு வரியில ஏறின டயர் கீழ வந்து சேர முதல் அடுத்த வரி வந்திடும், வாகனம் கொஞ்சம் கொஞ்சமாத் தாழ்ந்து கல்லாப் போயிடும்.

நீளத்த அளந்துதான் வாங்கணும். சேஸிய ஜக் அடிச்சுத் தூக்கி டயரத் தொங்க விட்டு, ஷொக்குட மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் (பூட்டுற இடத்து ரப்பர்) இடையில அளவெடுங்க. அமுங்குற நேரம் ஷொக் முட்ட முதல் பம்ப் ஸ்டொப் ரப்பர் (அச்சு சேஸியில அடிபடாமத் தடுக்கிற ரப்பர்) முட்டணும், இல்லாட்டி ஷொக் உடையும். வாகனத்த 2 இஞ்சி உயர்த்தினவங்களுக்கு இது கட்டாயம். ரப்பர் புஷ் போல்ட்ட வாகனம் தரையில நிக்கிற நேரம்தான் கடைசியா இறுக்கணும், தொங்க விட்டு இறுக்கினா ரப்பர் முறுகிக் கிழியும்.

இப்ப இருக்கிற ஷொக்கையும் பார்த்துடுங்க. கிறவல்ல ஓடித்து வந்து நிப்பாட்டினதும் கையக் கிட்டக் கொண்டு போங்க (கவனம், சுடும்), மூண்டு சூடா இருந்து ஒண்டு மட்டும் ஆறிப்போய் இருந்தா, அதுதான் செத்தது. குழாயில செம்புழுதி ஈரமா அப்பியிருந்தா சீல் போயிட்டு.

பின்னுக்குக் கம்பனிப் பிளேட்டா, கூட்டினதா, எத்தின பிளேட் எண்டு கீழ எழுதுங்க, அது தெரிஞ்சாத்தான் எந்த ரேட்டிங் (எவ்வளவு இறுக்கமான ஷொக்) எண்டு சொல்லலாம்.