அந்த ஒரு சீட்டு யாரோடது? – வாசகர் கேள்வி பதில்

காலேஜ் சீட்டு கவுன்சிலிங் முடிஞ்ச இந்த ஒரு மாசத்துல வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அட்மிஷன் பத்திதான். அரசு காலேஜ்ல முப்பது வருஷம் பாடம் எடுத்தேன், அதுல ஒம்போது வருஷம் அட்மிஷன் கமிட்டியிலயும் இருந்தேன், அதனால இந்த தடவை வேற எந்த கேள்வியையும் எடுத்துக்கல.

கேள்வி: வெள்ளிக் கொலுசு பட்டறை வெச்சிருக்கேன் சார். நாங்க பி.சி. (பிற்படுத்தப்பட்டவங்க). பொண்ணு ராப்பகலா படிச்சு கட்-ஆஃப் 171 எடுத்தா. அவ ஆசைப்பட்ட அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல, ஆசைப்பட்ட பிரான்ச் கெடைக்கல. அதே பிரான்ச்ல மலையிலருந்து வந்த ஒரு பொண்ணுக்கு 140 சொச்சத்துக்கு சீட்டு போட்டுட்டாங்க. வீட்ல ரெண்டு நாளா யாரும் சரியா சாப்பிடல. இது நியாயமா சார்? – ஒரு அப்பா, சிவதாபுரம்

முதல்ல உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, 171ங்கறது லேசுப்பட்ட மார்க் இல்ல. பட்டறை வேலை பாத்துகிட்டே பொண்ண படிக்க வெச்ச உங்க வருத்தம் எனக்கு புரியுது, அதனாலதான் சுத்தி வளைக்காம கணக்கையே எடுத்து வெக்கறேன்.

தமிழ்நாட்டுல 200 சீட்டு இருந்தா அதுல 62 ஓப்பன், பி.சி. 53, பி.சி. முஸ்லிம் 7, எம்.பி.சி.யும் சீர்மரபினரும் சேத்து 40, எஸ்.சி. 30, அருந்ததியர் 6, எஸ்.டி.ங்கற பழங்குடிகளுக்கு 2. கடைசி நம்பர பாருங்க. எரநூறுல ரெண்டு. உங்க பொண்ணு பேரு ரெண்டு லிஸ்ட்ல வரும், ஓப்பன்ல ஒன்னு, பி.சி.ல ஒன்னு. அந்த ரெண்டு லிஸ்ட்லயும் அவளுக்கு முன்னாடி சீட்டு வாங்குன ஒவ்வொருத்தரும் 171 இல்லன்னா அதுக்கு மேல எடுத்தவங்கதான். 140 எடுத்த பொண்ணு அந்த ரெண்டு வரிசையிலயும் உங்க பொண்ணுக்கு முன்னால நிக்கவே இல்ல. அந்த எஸ்.டி. சீட்ட எடுத்து ஓப்பன்ல போட்டாலும் அடுத்து நிக்கறவங்களுக்குத்தான் போகும், அது உங்க பொண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா நம்ம மனசு என்ன பண்ணுதுன்னா, 185 எடுத்து சீட்டு வாங்குன நூறு பேர விட்டுட்டு அந்த ஒரு மலைப் பொண்ணத்தான் தேடிப் புடிக்குது, இதே கடிதம் எனக்கு வருஷா வருஷம் வருது.

ரெண்டாவது விஷயம், அதுதான் எனக்கு முக்கியம். கட்-ஆஃப்ங்கறது மேக்ஸ் நூத்துக்கு, பிசிக்ஸ் அம்பதுக்கு, கெமிஸ்ட்ரி அம்பதுக்கு, மொத்தம் 200. ஒரு புள்ள பன்னெண்டாவது முடிக்கறப்ப எங்க வந்து நின்னுச்சுன்னு அது சொல்லும், எங்கருந்து கெளம்புச்சுன்னு சொல்லாது. சேலம் அஞ்சு ரோடு பக்கம் டியூஷன் போய் 171 எடுக்கறதும், ஏற்காட்டுக்கும் அந்தாண்ட ஒரு ஊர்ல மழை பேஞ்சா கரண்ட் போயிடற வீட்ல ஒக்காந்து, பாதி வருஷம் டீச்சரே இல்லாத பாடத்த சொந்தமா படிச்சு 140 எடுக்கறதும் ஒரே ஓட்டம் கெடயாது. வரிப்பணத்துல நடக்கற காலேஜ் இது, அந்த பொண்ணோட அம்மா கடையில சோப்பு வாங்குனாலும் அதுல வரி கட்டறாங்க, அப்ப அவ எவ்வளவு தூரம் ஏறி வந்தாங்கறதையும் அந்த காலேஜ் பாக்கணும்.

இது நேத்து ஆரம்பிச்சதும் இல்ல. நம்ம மெட்ராஸ் மாகாணத்துல கம்யூனல் ஜி.ஓ.ன்னு வகுப்புவாரியா சீட்டு பிரிக்கற அரசாணை இருந்தப்ப 14 சீட்டுக்கு ஒரு கணக்கு போட்டு பிரிச்சாங்க, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்கள் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. 1951-ல சண்பகம் துரைராஜன் வழக்குல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டு வந்து, பின்தங்குனவங்களுக்கு தனி ஏற்பாடு பண்ணலாம்னு சொல்ற 15(4) பிரிவ சேத்தாங்க. அப்புறம் இந்திரா சாஹ்னி வழக்குல 1992-ல ஒதுக்கீட்டுக்கு அம்பது சதவீதம்தான் எல்லைன்னு சொன்னதும், தமிழ்நாடு தன்னோட 69 சதவீத ஒதுக்கீட்டுக்கு தனியா சட்டம் போட்டு, கோர்ட்டுல அது லேசுல அடிபடாம இருக்க 1994-ல 76-வது திருத்தம் மூலமா ஒம்பதாவது அட்டவணையில வெச்சுது. எழுபது வருஷத்துக்கு மேலா கோர்ட்டுலயும் சட்டசபையிலயும் வாதாடி வாதாடி வந்த கணக்கு இது, யாரோ ஒருத்தர் மேசையில ஒக்காந்து இஷ்டத்துக்கு போட்டது இல்ல.

உங்க கோவத்துல ஒரு நியாயம் இருக்கு, அத மறைக்க மாட்டேன். ஒரே பிரிவுக்குள்ளயே வசதியான வீட்டுப் புள்ள முன்னால வந்துடுது, பட்டறைக்காரர் புள்ள பின்னால நிக்குது. இது நெசம். அதுக்குத்தான் உள்ஒதுக்கீடுன்னு ஒன்னு வந்துச்சு, ஒரு பிரிவுக்குள்ளயே ரொம்ப பின்தங்குனவங்களுக்கு தனி பங்கு, அருந்ததியருக்கு 2009-ல 3 சதவீதம் குடுத்த சட்டம் செல்லும்னு 2024-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. பின்தங்குன வீடுகள இன்னும் நுணுக்கமா பாத்து குடுங்கன்னு நீங்க கேட்டா உங்க பக்கத்துல நானும் நிப்பேன். எஸ்.டி.யோட அந்த ரெண்டு சீட்டையும் எடுத்துடுங்கன்னா நிக்க மாட்டேன்.

கேள்வி: ஓ.சி.ங்கற ஓப்பன் லிஸ்ட் எஃப்.சி. (முற்பட்ட சாதி) ஆளுங்க கோட்டாதானே? நாங்க எம்.பி.சி., பையன் 195 எடுத்திருக்கான், ஓ.சி. லிஸ்ட்ல அவன் பேரு வந்திருக்கு. தப்பா போட்டுட்டாங்களோன்னு பயமா இருக்கு. – ஓமலூர்

தப்பு எதுவும் இல்லங்க. ஓப்பன்னா எல்லாருக்கும் ஓப்பன். அந்த 31 சதவீதமும் எந்த சாதியா இருந்தாலும் மார்க் வரிசைப்படிதான் போகும். உங்க பையன் ஓப்பன்ல போனா எம்.பி.சி. சீட்டு ஒன்னு இன்னொரு புள்ளைக்கு மிச்சமாகும். நல்ல சேதிதான்.

கேள்வி: எங்க அப்பா காபி எஸ்டேட்ல வேலை பாக்கறாரு சார். நாங்க மலையாளி, கேரளாக்காரங்க இல்ல, இந்த மலைப் பழங்குடி, எஸ்.டி. இந்த வருஷம் சேலத்துல ஒரு அரசு காலேஜ்ல சேந்திருக்கேன். கிளாஸ்ல மொதல் நாளே 'உன் கட்-ஆஃப் எவ்வளவு'ன்னு கேட்டாங்க, சொன்னதும் ரெண்டு பேரு சிரிச்சாங்க. அன்னையிலருந்து கேன்டீனுக்கே போகல. நான் யாரோட எடத்தயாவது எடுத்துட்டேனா சார்? – ஒரு மாணவி, நாகலூர் பக்கம்

கண்ணு, உன் கடிதத்த நாலு தடவை படிச்சேன். நீ யாரோட எடத்தையும் எடுக்கல. அந்த எடம் உன்னோடது, சட்டப்படி உன்னோடது, உங்க ஊருலருந்து இதுவரைக்கும் காலேஜ் வாசல பாக்காமயே போன அத்தனை பேரோடதும்.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கோ. எஸ்.டி.க்கு தனியா 1 சதவீதம்னு தமிழ்நாட்டுல 1990-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எஸ்.சி. எஸ்.டி. ரெண்டுக்கும் சேத்து 18 தான். 2011 கணக்குப்படி மாநிலத்துல பழங்குடி மக்கள் 1.1 சதவீதம், ஆனா நம்ம சேலம் மாவட்டத்துல அது 3-ஐ தாண்டுது. அப்படின்னா சேலத்து கிளாஸ் ரூம்ல மலைப் புள்ளைங்க கண்ணுக்கு தெரியற அளவுக்காவது இருக்கணும். இல்ல. அதனாலதான் நீ தனியா தெரியற.

நான் வேலை பாத்தப்ப மலையிலருந்து மூணு பசங்க தெனமும் மொத மணி நேரத்துக்கு லேட். துறைத் தலைவரு (ஹெச்.ஓ.டி.) வெளிய நிக்க வெப்பாரு. ஒரு நாள் நானே காலைல மலைக்கு போய் அந்த பசங்களோட பஸ்ல எறங்கி வந்தேன், இருவது கொண்டை ஊசி வளைவு, பனிக்கு முன்னாடி போற வண்டியே தெரியல, அவங்க ஊருலருந்து ஏற்காடு வரைக்கும் வேற நடந்து வந்திருக்காங்க. அடுத்த வாரம் டிபார்ட்மென்ட்ல பேசி மொத மணி நேரத்துல இருந்த லேப்ப மத்தியானத்துக்கு மாத்துனோம், ஒரு பைசா செலவு இல்ல. அந்த மூணு பேருல ரெண்டு பேரு இப்ப டீச்சருங்க. சீட்டு குடுத்ததோட காலேஜ் கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்களுக்கு இத நான் எத்தன தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

உன்ன பாத்து சிரிச்சவங்களுக்கும் உன்னால ஒரு லாபம் இருக்கு கண்ணு. அவங்க நாளைக்கு மலைக்கு ரோடு போட பிளான் போடுவாங்க, ஆஸ்பத்திரில ஒக்காருவாங்க, தாசில்தாரா வருவாங்க. மலை மனுஷங்கள ஒருத்தரக்கூட கூட்டாளியா பாக்காம அந்த நாற்காலிக்கு போனா ஊருக்குத்தான் நஷ்டம். நீ கேன்டீனுக்கு போ. நாளைக்கே போ. ஸ்காலர்ஷிப்பும் ஹாஸ்டலும் கேட்டு வாங்கு. அரசு பள்ளில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வரும், காலேஜ் ஆபீஸ்ல பேரு குடுத்துட்டியான்னு பாரு.

கேள்வி: என் மகன் ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் மலையில உண்டு உறைவிடப் பள்ளியில படிக்கறான். 7.5 சதவீதம் எஸ்.டி.க்கான கோட்டான்னு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் இல்லங்கறாரு. – ஏற்காடு

ரெண்டு 7.5 இருக்கு, அதான் கொழப்பம். ஐ.ஐ.டி. மாதிரி மத்திய அரசு நிறுவனங்கள்ல எஸ்.டி. ஒதுக்கீடு 7.5 சதவீதம். தமிழ்நாட்டுல பேசற 7.5 அரசு பள்ளிப் புள்ளைங்களுக்கானது, நீட் வந்தப்புறம் அவங்க மெடிக்கல் பக்கமே போக முடியாம ஆனதால நீதியரசர் கலையரசன் தலைமையில ஆணையம் வெச்சு 2020-ல மெடிக்கலுக்கு சட்டம் போட்டாங்க, 2021-ல இன்ஜினியரிங், அக்ரி, சட்டம்னு விரிஞ்சுது. ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளியில படிச்சிருக்கணும். பழங்குடியினர் நலத்துறை நடத்தற பள்ளியும் அரசு பள்ளிதான், அதனால உங்க மகனுக்கு உண்டு. அந்த 7.5-க்குள்ளயும் சாதிவாரி பிரிவு இருக்கு, ரெண்டு விதத்துலயும் அவன் பேரு வரும். எந்தெந்த வருஷம் எங்க படிச்சான்னு ஸ்கூல்ல சர்டிபிகேட் இப்பவே வாங்கி வெச்சுக்கோங்க.

கேள்வி: ரேண்டம் நம்பர்னா லாட்டரியா? – அஸ்தம்பட்டி

எல்லாருக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க, ஆனா கட்-ஆஃப் சமமா இருந்து, மேக்ஸ் பிசிக்ஸ் மார்க்னு வரிசையா பாத்து, பொறந்த தேதி வரைக்கும் போயும் சமமா இருந்தாத்தான் அத எடுப்பாங்க. முன்னாடியே கம்ப்யூட்டர்ல போட்டு வெளிய சொல்லிடறதால இதுல யாரும் கை வெக்க முடியாது. ரேங்க் லிஸ்ட்ட மொத்தமா வெளியிடறதும் இதுக்குத்தான், யாரு வேணும்னாலும் எண்ணிப் பாக்கலாம். கமிட்டில ஒக்காந்தப்ப அந்த லிஸ்ட் ஒட்டுன சுவருதான் எங்களுக்கு பாதுகாப்பு, சிபாரிசு கடிதத்தோட வர்றவங்கள அங்க கூட்டிட்டு போய் காட்டிடுவோம்.

கேள்வி: சாதிச் சான்றிதழ் லேட்டானதால போன வருஷம் என் தம்பிக்கு சீட்டு போச்சு. இந்த வருஷம் தங்கச்சிக்கு என்ன பண்றது? – மலைக் கிராமத்துலருந்து ஒரு அண்ணன்

எஸ்.டி. சான்றிதழ தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரிச்சுத்தான் குடுக்கணும், அதனால நாள் ஆகும். பன்னெண்டாவது ரிசல்ட் வந்தப்புறம் ஓடாதீங்க. தங்கச்சி இப்ப எத்தனாவது படிக்கறான்னு எழுதல, எதுவா இருந்தாலும் இந்த வாரமே அப்பாவோட சான்றிதழ், சொந்தக்காரங்க சான்றிதழ் நகல், ரேஷன் கார்டு, ஸ்கூல் டி.சி. எல்லாம் வெச்சு மனு போடுங்க, ஒப்புகைச் சீட்ட பத்திரமா வைங்க. ரெண்டு மாசம் பாருங்க. அப்பவும் வரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல அந்த ஒப்புகைச் சீட்டு நகலோட மனு குடுங்க. அப்பறம் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.