குறைமாசக் குழந்தைக்குக் கிருமித்தொற்று: காய்ச்சலே இல்லாமல் எப்படி?

"தங்கச்சிக்கு 32 வாரத்தில் பிரசவம். குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி என்கிறார்கள். காய்ச்சலே இல்லையே? பிழைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நானும் இதையேதான் கேட்டேன். என் மகள் 31 வாரத்தில், 1 கிலோ 340 கிராமில் பிறந்தவள். எட்டு நாள் நன்றாக இருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் நர்ஸம்மா, "போன வேளை குடுத்த பால் அப்படியே வயித்துல நிக்குதுங்க, காலும் சில்லுனு இருக்குது" என்றார். மூக்குக் குழாயில் சிரிஞ்சை வைத்து இழுத்தால் பச்சையாக வந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. நிற்கும்போதெல்லாம் அந்தம்மா உள்ளங்காலை விரலால் சுண்டுவார். மறுபடி நெஞ்சு ஏறி இறங்கும். காய்ச்சல் கடைசிவரை அடிக்கவே இல்லை.

பெரியவர்களுக்கு வருவதுபோல குறைமாசக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காய்ச்சல் வரும் என்று இல்லை. பல சமயம் உடம்பு சில்லிட்டுத் துவண்டுவிடும். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. முன்னாடியே பிறந்தால் அது கிடைப்பதில்லை. தோலும் மெல்லிசு. குளுக்கோஸ் ஊசி, மூச்சுக் குழாய் எல்லாம் கிருமி நுழைய வழி. முதல் மூன்று நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து. அதற்கப்புறம் வந்தால் கைகள், குழாய்கள் வழியாக. என் மகளுக்கு வந்தது கிளெப்சியெல்லா. 2016இல் வெளிவந்த டெல்லி மூன்று ஆஸ்பத்திரி ஆய்விலும் முன்னணியில் இருந்த கிருமிகளில் அது ஒன்று. பல மருந்துக்கு அடங்காது. கல்ச்சர், அதாவது ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, முடிய இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால்தான் ரத்தம் எடுத்த கையோடு ஊசியைத் தொடங்கிவிடுகிறார்கள். முடிவு வந்ததும் எங்களுக்கு மருந்தை மாற்றினார்கள். 14 நாள் போட்டார்கள்.

பிழைக்குமா என்றால், சீக்கிரம் கண்டுபிடித்து, கிருமி மருந்துக்கும் அடங்கினால் பெரும்பாலும் பிழைக்கும். பக்கத்து வார்மரில் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கையில்) இருந்த குழந்தை பிழைக்கவில்லை. அதை மறைத்து உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

தங்கச்சி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குழந்தை இப்போது குடிக்காவிட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பால் பீய்ச்சி எடுக்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு மறுபடி பால் தொடங்கியது 2 மில்லியில்தான். உள்ளே போகும்போது மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டாக்டர் சரி என்றதும் கங்காரு முறையில் வெறும் நெஞ்சோடு வைத்துக்கொள்ளட்டும். 2021இல் வந்த ஐந்து நாட்டு ஆய்வில், பிறந்ததுமே அப்படி வைத்த எடை குறைந்த குழந்தைகளில் இறப்பு நூற்றுக்கு 16இலிருந்து 12ஆகக் குறைந்தது.

நாக்கில் சேனை வைப்பது, கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம். எங்கள் அம்மா, பாப்பாவின் அமுச்சி, தேன் பாட்டிலோடுதான் வந்தார். "சாமி, நாக்குல ஒரு சொட்டு" என்று கெஞ்சினார். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அன்றிலிருந்து பால் கிண்ணத்தைக் கொதிக்கவைத்து எடுத்து வந்தது அமுச்சிதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வயிறு உப்பினாலோ, பாதம் சில்லிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.