காங்கிரீட் வீட்டில் மாடி அறைக்கு டிவி: வயர் இழுக்காமல் முடியுமா?

கேள்வி: மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்களுடையது மாடி வீடு. ஃபைபர் இணைப்பு, ரவுட்டர், மை.டி பெட்டி (மொரிஷியஸ் டெலிகாமின் டிவி பெட்டி) எல்லாம் கீழே ஹாலில் இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, அடிக்கடி இறங்கி வர முடிவதில்லை. அவர் அறையில் ஒரு டிவி வைக்க வேண்டும். சுவரைத் துளைக்காமல் செய்ய வழி உண்டா? கடையில் வயர்லெஸ் எச்டிஎம்ஐ கருவி வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வழி உண்டு. ஆனால் அந்தக் கருவியை இப்போது வாங்க வேண்டாம். கீழே பெட்டியில் ஓடும் படத்தை அப்படியே மேலே அனுப்புவதுதான் அதன் வேலை. கீழே யாராவது ஃபுட்பால் போட்டால் அம்மாவும் ஃபுட்பால்தான் பார்க்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் தூரமும் தடையில்லாத வெளிக்கான கணக்கு. உங்கள் இரண்டு டிவிக்கும் நடுவே மாடித் தளம் இருக்கிறது.

அந்தத் தளம்தான் இங்கே உண்மையான சிக்கல். 1960-ல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த சூறாவளிகளுக்குப் பிறகு மொரிஷியஸில் காங்கிரீட் வீடு கட்டுவதே வழக்கமாகிவிட்டது. காற்றுக்கு அசையாத அதே காங்கிரீட், உள்ளே இருக்கும் கம்பி வலையோடு சேர்ந்து வைஃபை அலையையும் தடுக்கிறது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் அதிகம் அடிபடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் நன்றாக ஊடுருவும். ஆனால் ரோஸ் ஹில் மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே அலையில்தான் இருக்கும்.

கருவிகளைப் பற்றி யோசிக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அம்மா என்ன பார்ப்பார்? எம்பிசி (மொரிஷியஸின் அரசு ஒளிபரப்பு) சேனல்கள் போதும் என்றால் இன்டர்நெட்டே தேவையில்லை. டிவியில் டிஜிட்டல் ட்யூனர் (அன்டெனா சிக்னலை நேரடியாகப் பிடிக்கும் வசதி) இருந்தால் ஜன்னலோரம் ஒரு சின்ன இன்டோர் அன்டெனா வைத்து சேனல்களைத் தேடிப் பாருங்கள். அக்கம்பக்கத்து கூரை அன்டெனாக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது. வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பட்டனை அழுத்தினால் படம் வரும், பாஸ்வேர்டு கேட்காது.

யூடியூபில் பக்திப் பாடல், ஆப்பில் சீரியல் என்றால் வைஃபை வேண்டும். மை.டி சேனல்களே வேண்டும் என்றால் இரண்டாவது பெட்டிக்கு என்ன ஏற்பாடு என்று நிறுவனத்தில் கேளுங்கள். இந்த மாதிரிப் பெட்டிகள் நெட்வொர்க் வயரில்தான் நம்பகமாக ஓடும். அதற்கும் கீழே வழி சொல்கிறேன்.

சரி, வைஃபைக்கு வருவோம். மாலையில், வீட்டில் எல்லோரும் நெட் பயன்படுத்தும் நேரத்தில், ஃபோனை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போங்கள். டிவி வைக்கப்போகும் இடத்தில் நின்று, கதவைச் சாத்திவிட்டு, ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் தேவைப்படும். வேகம் ஏறி இறங்கும் என்பதால் அதைப்போல் இரு மடங்காவது வந்தால்தான் நிம்மதி.

வரவில்லையா? முதலில் செலவில்லாத வேலை. ரவுட்டர் டிவிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளேயோ இருந்தால் வெளியே எடுத்து, ஃபைபர் வயர் எட்டும் வரை படிக்கட்டுப் பக்கம் நகர்த்துங்கள். தளத்தில் காங்கிரீட் இல்லாத ஒரே இடம் படிக்கட்டுதான், அலை அந்த வழியாக மேலே ஏறும். ஃபைபர் வயரை மட்டும் மடக்கி வளைத்துவிடாதீர்கள், உள்ளே கண்ணாடி இழை.

அப்படியும் போதவில்லை என்றால் மெஷ் வைஃபை, அதாவது ஒன்றிடமிருந்து ஒன்று சிக்னலை வாங்கி வீடு முழுக்கப் பரப்பும் யூனிட்கள். இரண்டு யூனிட் செட் போதும். ஒன்று ரவுட்டரோடு இருக்கும். இரண்டாவதைப் பலரும் டிவி பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காவிட்டால் டிவிக்கு எதைக் கொடுக்கும்? படி ஏறியதும் வரும் இடத்தில், அம்மாவின் அறைக் கதவைப் பார்த்தபடி வையுங்கள்.

மெஷ்ஷும் திணறும் வீடுகளுக்கு பவர்லைன் அடாப்டர். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் வயரிலேயே இன்டர்நெட்டை அனுப்பும். கீழே ஒன்றை பிளக்கில் செருகி ரவுட்டரோடு இணைக்க வேண்டும், மேலே இன்னொன்றைச் செருகி டிவியோடு இணைக்க வேண்டும். கண்டிப்பாகச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு, அதுவும் சர்ஜ் பாதுகாப்பு உள்ளது, சிக்னலை விழுங்கிவிடும். இன்னொன்று, மகனுக்காகப் பிறகு மாடி கட்டிய வீடுகளில் மேலே தனி சிஇபி (மின்சார வாரிய) மீட்டர் இருப்பதுண்டு. மீட்டர் வேறு என்றால் பவர்லைனை நம்ப வேண்டாம். வயரிங் பழசாக இருந்தாலும் வேகம் குறையும். அதனால் வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

இரண்டாவது மை.டி பெட்டி வைப்பதாக இருந்தால், மாடியில் இருக்கும் மெஷ் யூனிட்டில் அல்லது பவர்லைன் அடாப்டரில் உள்ள நெட்வொர்க் சாக்கெட்டில் ஒரு குட்டி வயரால் அதை இணைக்கலாம். ஐபிடிவி (இன்டர்நெட் இணைப்பில் வரும் டிவி சேவை) அதன் வழியாகப் போகுமா என்று வாங்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிவி வாங்கும்போது வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் 2.4 மட்டும்தான் இருக்கும். கரண்ட் வயர் எப்படியும் வேண்டும் என்பதால், அறையில் பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்து டிவியின் இடத்தை முடிவு செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர் நடக்கும் வழியில் எக்ஸ்டென்ஷன் வயர் கிடக்கக் கூடாது.