மேலே பொன்னிறம், அடியில் பச்சை மாவு: பெர்ரி காப்ளரில் எங்கே தவறுகிறது?

கேள்வி: ஃப்ரீசரில் உறையவைத்த கலப்பு பெர்ரிகளை வைத்து இரண்டு முறை காப்ளர் செய்தேன். மேலே அழகாகச் சிவந்து வருகிறது. ஆனால் கரண்டியை விட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் பசை மாதிரி ஒட்டுகிறது, பழம் தண்ணீராக ஓடுகிறது. மூன்றாவது முறை கூடுதல் நேரம் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் கருகியதுதான் மிச்சம். கார்ன்ஃப்ளோரைக் கூட்டவா, மாவில் பாலைக் குறைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோளாறு அளவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைக்கிறீர்கள். முதலில் பழத்தை மட்டும் ஓவனில் வைத்து, ஓரங்களில் அது கொதிக்கத் தொடங்கிய பிறகு மாவை வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும். காரணம் தெரிந்தால் எந்த ஓவனிலும், எந்தப் பெர்ரியிலும் நீங்களே சமாளித்துக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காப்ளர் என்பது ஒரே பாத்திரத்தில் வேகும் இரண்டு பண்டங்கள். கீழே இனிப்புப் பழம், மேலே பிஸ்கட் மாவு. (அமெரிக்கர்கள் பிஸ்கட் என்பது நாம் கடித்துத் தின்னும் மொறுமொறு பிஸ்கட் இல்லை, ஸ்கோன் மாதிரி மெத்தென்று இருக்கும் சிறு ரொட்டி.) 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்க வீடுகளில் செய்துவரும் பண்டம் இது. பை (மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் பண்டம்) செய்வதுபோல மாவைத் தேய்த்து, விரித்து, ஓரம் மடிக்கிற வேலை எதுவும் கிடையாது. ஆனால் இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வேகாது. உங்களுக்கு வந்த சிக்கல் அதில்தான் தொடங்குகிறது.

மாவின் மேல்பக்கத்துக்கு 200 டிகிரி செல்சியஸ் உலர் காற்று நேராகப் படுகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அது சிவந்துவிடும். அடிப்பக்கத்தின் கதை வேறு. அது பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழம் சூடானால்தான் அதுவும் வேகும். பழம் குளிர்ந்திருந்தால் அந்த நேரம் முழுக்க மாவு ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். பழம் ஒருவழியாகச் சூடாகி வரும்போது மேல்பக்கம் கருகத் தொடங்கியிருக்கும். உங்கள் மூன்றாவது முயற்சியில் நடந்தது இதுதான். நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் இந்த முரண் தீராது.

உறைந்த பழம் என்றால் சிக்கல் இரட்டிப்பு. பெர்ரியில் பெரும்பகுதி தண்ணீர். பனிக்கட்டியை உருக்க மட்டும் ஆகும் வெப்பம், அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்துக்குச் சமம். அதாவது உங்கள் ஓவன் முதலில் அந்த உழைப்பு முழுவதையும் உருக்குவதிலேயே செலவழிக்கிறது. சமையல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போதாததற்கு, உறையும்போது பழத்துக்குள் உண்டாகும் பனித்துகள்கள் அதன் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. அதனால் உருகியதும் புதுப் பழத்தைவிட அதிகமாகச் சாறு விடும்.

அப்புறம் கார்ன்ஃப்ளோர். நான் சொல்வது வெள்ளையாக, விரலில் வழுக்கும் ஸ்டார்ச். மஞ்சள் மக்காச்சோள மாவு இல்லை. அதன் துகள்கள் 65 டிகிரி வாக்கில் தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்கினாலும், சாற்றை முழுதாகக் கெட்டியாக்குவது ஏறக்குறைய 95 டிகிரியில்தான். சர்க்கரை நிறைய இருந்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் சர்க்கரையும் அதே தண்ணீருக்குப் போட்டியிடுகிறது. உங்கள் பாத்திரத்தின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டவே இல்லை என்றால், நீங்கள் போட்ட கார்ன்ஃப்ளோர் வேலை செய்யாமல் அப்படியே கிடக்கும். இந்த நிலையில் இன்னும் இரண்டு கரண்டி கூட்டினால் கெட்டியாகாது. வாயில் மாவு மாவாகத் தட்டும், அவ்வளவுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். 20 முதல் 23 சென்டிமீட்டர் சதுரப் பாத்திரம், ஐந்து சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும். கண்ணாடி, பீங்கான், எனாமல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் நல்லது. வெறும் அலுமினியம் வேண்டாம். பெர்ரியின் புளிப்பு அதோடு வினைபுரிந்து உலோக ருசி ஏறிவிடும். 900 கிராம் பெர்ரி, 130 கிராம் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. கார்ன்ஃப்ளோரை நேராகப் பழத்தில் கொட்டாதீர்கள், கட்டி விழும். முதலில் சர்க்கரையோடு உலர்ந்த நிலையிலேயே கலந்துவிட்டு, பிறகு பழத்தில் புரட்டுங்கள். சர்க்கரை அளவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். நாலு பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள். நன்றாகப் பழுத்திருந்தால் 100 கிராமே போதும்.

புதுப் பழம் என்றால் இதை அப்படியே 200 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். உறைந்த பழத்துக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன். முந்தின இரவே ஒரு வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து, குளிர்பெட்டியில் உருகவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் நல்ல நிறத்தோடு சாறு தேங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், பெர்ரியின் ருசியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றிப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பழத்தோடு சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் போயிருக்கும், ருசி செறிந்திருக்கும். இன்னொன்று: ஃப்ரீசரிலிருந்து எடுத்த பழத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நிரப்பி நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ளாதீர்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி வெடிக்கலாம். குளிர்பெட்டியிலிருந்து வந்த பழமும் கொஞ்ச நேரம் வெளியே இருந்து சில்லிப்பு போகட்டும்.

பழம் ஓவனில் இருக்கும்போதுதான் மேல் மாவைக் கலக்க வேண்டும், அதற்கு முன்னால் வேண்டாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்ட நொடியிலிருந்தே வாயுவை விடத் தொடங்கிவிடும். சூட்டில் இன்னொரு முறை விடும். கலந்து வைத்துக் காக்கவைத்தால் முதல் பங்கு வீணாகிவிடும். 190 கிராம் மைதா, 50 கிராம் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பொருள் இரண்டே இரண்டு: 85 கிராம் வெண்ணெய், 150 மில்லி நன்றாகக் குளிர்ந்த பால். முட்டை தேவையில்லை.

வழக்கமாகக் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டாக்கி, விரல் நுனியால் மாவில் தேய்த்துப் பட்டாணி அளவுக்கு உடைக்கச் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் கை சூடாக இருப்பவர்களுக்கு வெண்ணெய் உருகி மாவு எண்ணெயாகிவிடும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. வெண்ணெயை உருக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அதைச் சில்லென்ற பாலில் ஊற்றிக் கிளறினால் வெண்ணெய் சின்னச் சின்னத் திப்பிகளாக உறைந்து மிதக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் பால் திரிந்துவிட்டதோ என்று பயந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அந்தத் திப்பிகள்தான். ஓவனில் அவை உருகி, அதிலிருக்கும் நீர் ஆவியாகி, மாவுக்குள் சின்னச் சின்ன இடைவெளிகளை உண்டாக்கும். இந்தக் கலவையை மாவில் ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போகும்வரை மட்டும் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று போதும். அதற்கு மேல் போனால் மைதாவின் பசைத்தன்மை இறுகி, ரப்பர் மாதிரி இழுக்கும்.

இப்போது பழத்தை வெளியே எடுங்கள். ஓரங்களில் குமிழ் வந்துகொண்டிருக்க வேண்டும். வரவில்லை என்றால் திரும்ப உள்ளே வைத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். மாவைக் கலக்குவதையும் அதற்கேற்பத் தள்ளிப்போடுங்கள். குமிழ் வந்ததும் மாவைக் கரண்டியால் தனித்தனிக் குவியலாகப் போட்டு, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு லேசாகத் தட்டிவிடுங்கள். ஒரு பாத்திரத்துக்கு எட்டு ஒன்பது குவியல் வரும். முழுவதும் மூடிவிடத் தோன்றும், ஆனால் மூட வேண்டாம். பழத்தின் ஆவி வெளியேற இடைவெளி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது அடியிலேயே தங்கி மறுபடி மாவை நனைக்கும். நீங்கள் இதுவரை ஒரே தகடாகப் பரப்பி வந்திருந்தால், அடி பசையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி, அதே 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். காற்றாடி வைத்த ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் ஒரு ட்ரே இருக்கட்டும், சாறு எப்படியும் பொங்கி வழியும். ஓவனின் திருகில் காட்டும் டிகிரியும் உள்ளே இருக்கும் டிகிரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எடுக்கும் நேரம் வந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், நானே பல வருடம் நிறத்தை நம்பி எடுத்தவள். நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அங்கே குமிழ்கள் மெதுவாக, கனமாக எழும்பி உடைய வேண்டும். வேகவேகமாகச் சின்னக் குமிழ் வந்தால் சாறு இன்னும் நீர்த்திருக்கிறது என்று பொருள். ஓரத்துக் குமிழை நம்ப வேண்டாம், ஓரம் எப்போதும் முந்திக்கொள்ளும். அடுத்து நடுவிலுள்ள ஒரு குவியலைக் கரண்டியால் லேசாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ரொட்டி மாதிரி இழை தெரிய வேண்டும், பளபளக்கக் கூடாது. குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் மாவின் நடுவில் 93 டிகிரிக்கு மேல் காட்டினால் வெந்துவிட்டது. மேல்பக்கம் முந்திச் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிட்டுத் தொடருங்கள். இறுக்கி மூடினால் ஆவி தங்கிவிடும்.

எடுத்ததும் பரிமாறாதீர்கள். கொதிக்கும்போது ஸ்டார்ச் கூழ் தளர்ந்துதான் இருக்கும், ஆற ஆறத்தான் இறுகும். குறைந்தது 30 நிமிடம், முடிந்தால் 45. வீடெல்லாம் மணக்கும்போது காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் தண்ணியாக இருக்கிறது என்று பலர் வருத்தப்படும் காப்ளரில் பாதி, அவசரப்பட்டுக் கரண்டி போட்டதுதான்.

எந்தப் பெர்ரி என்பதைப் பொறுத்துக் கார்ன்ஃப்ளோர் கொஞ்சம் மாறும். புளூபெர்ரிக்கு இரண்டரை மேசைக்கரண்டியே போதும். ஸ்ட்ராபெர்ரி நிறையச் சாறு விடும், கெட்டியாக்க உதவும் பெக்டினும் அதில் குறைவு. அதற்கு நான்கு வேண்டும். வெந்தபின் அது நிறம் வெளிறித் துவண்டுவிடுவதால் ஸ்ட்ராபெர்ரியை மட்டும் வைத்துக் காப்ளர் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. புளூபெர்ரி பாதி, பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் மீதி என்பது என் கணக்கு. ராஸ்பெர்ரி சீக்கிரம் கரைந்துவிடும், ஆனால் அந்தப் புளிப்பு இல்லாமல் மற்ற இரண்டும் சற்று மந்தமாக இருக்கும்.

பாலுக்குப் பதில் புளித்த கெட்டி மோர் சேர்க்கிறவர்கள் கால் டீஸ்பூன் பேக்கிங் சோடாவும் போடலாம். அதற்கு மேல் வேண்டாம். பெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடாவின் காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகத் திரியும். மாவும் பழமும் சேரும் இடத்தில் பச்சைக் கோடு தெரிந்தால் அது சோடா கூடியதன் அடையாளம். பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் தண்ணியாக வந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். மாவுக் குவியல்களைக் கரண்டியால் தனியே எடுத்து ஒரு ட்ரேயில் தலைகீழாகக் கவிழ்த்து ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள், அடிப்பக்கம் வெந்துவிடும். அந்த நேரத்தில் சாற்றை வடித்து அடுப்பில் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் கிளறி, பழத்தோடு சேர்த்துவிடுங்கள். குவியல்களைத் திரும்ப மேலே அடுக்கினால் போதும்.

மிச்சத்தைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மாவு ஈரமாகித் தொய்ந்துவிடும். குளிர்பெட்டியில் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தோடு அப்படியே ஓவனில் வைக்காமல், வேண்டியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மூடாமல் 175 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள்.