செருப்பை வைத்து ஆளைச் சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டைனோசர் காலத்து ஆஸ்ட்ரகாடுகள் பற்றி, அதாவது இரண்டு பாதியான ஓட்டுக்குள் வாழும் நுண்ணிய நீர்ப் பிராணிகள் பற்றி, எழுதியிருந்தீர்கள். ஒரு மில்லிமீட்டர் ஓடு மட்டும்தான் மிச்சம், உடம்பு இல்லை என்றால் எந்தச் சிற்றினம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து உள்ளே இருப்பவர் பெயரைச் சொல்வது மாதிரி இல்லையா?

மீனா, பெரம்பூர்

அன்புள்ள மீனா,

செருப்புதான். ஆனால் ரொம்பப் பேசுகிற செருப்பு. ஓட்டின் இரண்டு பாதிகளையும் இழுத்து மூடிய தசைகள் உட்புறத்தில் தழும்பு விட்டிருக்கும். சைத்தராய்டு வகையில் அவை நான்காக, ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும். டார்வினுலாய்டு வகையில் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக. பெரிய பிரிவுகளை இந்தத் தழும்பையும், பாதிகள் பொருந்தும் கீலையும் வைத்தே பிரிக்கிறார்கள். வெளியே தெரியும் புடைப்பும் முள்ளும் அவ்வளவு நம்பகமில்லை. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸின் நன்னீர்ப் படிவுகளில் மலிந்து கிடக்கும் சைப்ரிடியா என்ற பேரினத்தை, ஓட்டின் முன்கீழ் மூலையில் அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதன் புடைப்புகளை எண்ணி எண்ணிப் புதுப் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அவற்றில் பலவற்றை ஒன்றாக்குவதே வேலையாகிவிட்டது.

உண்மையான சிக்கல் வேறு. இந்தப் பிராணி வளர வளர ஓட்டைக் கழற்றிப் போடும், வழக்கமாக எட்டு முறை. ஒரே ஆள் குழந்தை முதல் போட்ட எட்டு ஜோடியும் தெருவில் கிடந்தால் எட்டுப் பேர் என்றுதானே நினைப்போம்? போதாக்குறைக்கு ஆண் ஓடும் பெண் ஓடும் பல சமயம் வேறு வேறு வடிவம். அதனால் ஒன்றிரண்டு ஓடுகள் போதாது. எழும்பூரில் ரயிலேறி அரியலூர்ப் பக்கம் போய்க் கடல் களிமண்ணை அள்ளி வருபவர், அதை ஊறவைத்து, சல்லடையில் கழுவி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஈரத் தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். நீளத்தையும் உயரத்தையும் வரைபடத்தில் குறித்தால் ஒவ்வொரு வளர்ச்சிப் பருவமும் தனிக் கொத்தாக விழும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

உடம்பே கிடைப்பதும் உண்டு. சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான மியான்மர் அம்பரில் (கல்லாகிப்போன மரப்பிசினில்) சிக்கிய ஒரு பெண் ஆஸ்ட்ரகாடுக்குள் ராட்சத விந்தணுக்கள் இருந்ததை 2020-இல் அறிவித்தார்கள். கைகால்களையும் பார்க்க முடிந்தது. அது லாட்டரி. மற்றபடி ஓடுதான் சாட்சி. அது போதாதபோது பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். பட்டியலில் அப்படி நிறுத்திய பெயர்கள் நாலைந்து இருந்தால் அந்த ஆய்வாளரை நான் கூடுதலாக நம்புவேன்.