தீக்காக்கை காக்கைதானா?

கேள்வி: கூடலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சோலை ஓரத்தில் வயிறு செக்கச்செவேல் என்று இருந்த ஒரு பறவையை விருந்தினர்கள் படம் எடுத்தார்கள். சிலர் தீக்காக்கை என்கிறார்கள், சிலர் மலபார் ட்ரோகன் என்கிறார்கள். பலகையில் எதை எழுதுவது? அதே இடத்தில் நிற்கும் பட்டுப்போன மரங்களை வெட்டிவிடலாமா?

பதில்: இரண்டும் ஒரே பறவைதான், இரண்டையும் எழுதுங்கள். மரங்களை மட்டும் வெட்டாதீர்கள்.

காக்கைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீர்க்காகம் காகமா என்ன? அதுபோலத்தான். ஆணின் தலையும் மார்பும் கறுப்பு, வயிறு நெருப்புச் சிவப்பு. இவை இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அறிவியல் பெயரில் வரும் 'ஃபேசியாட்டஸ்' இந்தப் பட்டையைத்தான் சொல்கிறது. 1769இல் அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் பென்னன்ட். வேடிக்கை என்னவென்றால், அவர் விவரித்தது இலங்கைப் பறவையை. பேரினப் பெயரான 'ஹார்பாக்டெஸ்' கிரேக்க மொழியில் கொள்ளைக்காரன். கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எப்போதாவது பாய்ந்து பூச்சி பிடிக்கும் ஆசாமிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

உங்களுக்கு வேண்டிய விஷயம் 'ட்ரோகன்' என்ற சொல்லில் இருக்கிறது. அதுவும் கிரேக்கம்தான், கொறிப்பது என்று அர்த்தம். மரங்கொத்திபோல உறுதியான மரத்தைத் துளைக்க இதன் அலகுக்குத் தெம்பு கிடையாது. மக்கி உதிரும் கட்டையைக் கொறித்துக் குடைந்துதான் கூடு அமைக்கும். பட்ட மரம் இல்லையென்றால் கூடும் இல்லை. பாதை மேலோ கூரை மேலோ விழக்கூடிய மரம் என்றால் மேல்பகுதியை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை நிற்க விடுங்கள்.

கூடு கட்டுவது பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து மே வரை. நம் ஊர் சீசன் கூட்டமும் அப்போதுதான், அதுதான் தலைவலி. கூடு தெரிந்தால் அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். செல்போனில் குரலைப் போட்டு வரவழைக்கும் வேலையும் வேண்டாம். ஆள் அரவம் கேட்டால் இது முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். முதுகு பழுப்பு நிறம் என்பதால் எதிரிலேயே இருந்தாலும் கண்ணில் படாது. சத்தமில்லாமல் நின்றால் தானாகத் திரும்பும்.

அப்புறம், பலகையில் பெட்டையின் படத்தையும் சேருங்கள். அதற்குக் கறுப்புத் தலையோ சிவப்பு வயிறோ கிடையாது, அடிப்பக்கம் காவி கலந்த பழுப்பு. இல்லையென்றால் விருந்தினர்கள் அதை வேறு பறவை என்றே நினைத்துக்கொள்வார்கள்.