லண்டனில் கிராமர் பள்ளியா, கட்டணம் கட்டும் தனியார் பள்ளியா? உள்ளே பிள்ளையின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஒரு பெற்றோர் கேட்ட கேள்வி இதுதான்: மகன் கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வான 11 பிளஸ் எழுதியிருக்கிறான். தென் லண்டனின் சட்டன் பகுதியில் கட்டணமில்லாத அரசு கிராமர் பள்ளி ஒன்றிலும், தென்மேற்கு லண்டனில் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் தனியார் பகல் பள்ளி ஒன்றிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. தனியார் பள்ளி பாதிக் கட்டணத்துக்கு பர்சரி, அதாவது கட்டணச் சலுகை, தருவதாகச் சொல்கிறது. சொந்தத்தில் யாரும் அப்படிப்பட்ட பள்ளிக்குப் போனதில்லை. உள்ளே எப்படி இருக்கும்?

நான் போனேன். 2001 செப்டம்பரில் பதினொரு வயதில் சேர்ந்து, 2008 இல் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் முடித்து வெளியே வந்தேன். முழு பர்சரி. வீட்டில் ஒரு பென்னி கட்டணம் கட்டவில்லை. ஆகவே கட்டணம் கட்டிப் படித்தவர்களின் அனுபவம் என்னுடையதிலிருந்து வேறாக இருக்கலாம். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆண்கள் பள்ளி, பழைய பள்ளி, அது போதும்.

படிப்பைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதில் சொல்ல அதிகம் இல்லை. சட்டன், கிங்ஸ்டன் பகுதி கிராமர் பள்ளிகளின் சோதனை முடிவுகள் பல தனியார் பள்ளிகளுக்குச் சளைத்தவை அல்ல. தனியார் பள்ளியில் வகுப்புக்கு 30 பேருக்குப் பதில் 20, 22 பேர் இருப்பார்கள். ஏ லெவலில் பத்துப் பேர் இருந்தாலே கூட்டம். லத்தீன் இருக்கும். வீட்டுப்பாடத்துக்கு 'பிரெப்' என்று பெயர், முதலாம் தவணைக்கு 'மைக்கல்மஸ்' என்று பெயர். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

உண்மையான வித்தியாசம் மாலை 4 மணிக்குப் பிறகு தொடங்குகிறது. ஆர்கெஸ்ட்ரா, நாடகம், விவாதம், படகு, சதுரங்கம் என்று எதைக் கேட்டாலும் அதற்கு ஓர் ஆசிரியர் இருப்பார், அவருக்கு அவசரமும் இருக்காது. எங்கள் வரலாற்று ஆசிரியர் ஐந்தரை வரை உட்கார்ந்து என் ஒரு கட்டுரையைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

பர்சரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். 1980 முதல் இங்கிலாந்தில் 'அசிஸ்டட் பிளேசஸ்' என்று ஒரு திட்டம் இருந்தது. வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசே கொடுக்கும். 1997 இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதை நிறுத்தியது. அப்புறம் பல பள்ளிகள் பழைய மாணவர்களிடம் பணம் திரட்டித் தங்கள் சொந்த பர்சரி நிதியைப் பெருக்கின. நான் அந்தக் காசில் போனவன். இதையும் ஸ்காலர்ஷிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்காலர்ஷிப் திறமைக்கு. பெரும்பாலும் கௌரவம்தான், கட்டணத்தில் கொஞ்சமே குறையும். பர்சரி வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது.

வீட்டு வருமானத்தைப் பார்ப்பது என்றால் உண்மையிலேயே வந்து பார்ப்பது. 2001 பெப்ரவரியில், தென் லண்டனின் டூட்டிங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பள்ளி ஒருவரை அனுப்பியது. அப்பா இரவு முழுக்கப் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றுவிட்டு வந்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வடை சுட்டு வைத்திருந்தார். வந்தவர் வங்கிக் கணக்கைப் புரட்டிவிட்டு, மாதாமாதம் 200 பவுண்ஸ் ரொக்கமாக வெளியே போகிறதே, எங்கே என்று கேட்டார்.

அது சீட்டு. பத்து வயதில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். இருபது பேர் மாதம் 200 போடுவார்கள், ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார், கழிவு கூடக் கேட்கிறவருக்கு முதலில் கிடைக்கும் என்று விளக்கினேன். சூதாட்டமா என்று கேட்டார். எனக்கே கழிவு என்றால் என்னவென்று அப்போது சரியாக விளங்காது. அப்பா சொன்ன தமிழுக்கும் நான் சொன்ன ஆங்கிலத்துக்கும் நடுவில் எங்கள் குடும்பமே ஒரு சூதாட்டக் கூடம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. எப்படியோ நம்பிவிட்டார். தேநீர் குடித்தார், வடையைத் தொடவில்லை. எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று விதி இருந்திருக்கும். அம்மாவுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான்.

ஆகவே சீட்டு, ஊருக்கு அனுப்பும் காசு, தம்பியின் பெயரில் வாங்கிய வீடு என்று எது இருந்தாலும் ஒரு தாளில் தெளிவாக எழுதி வையுங்கள். மகனை மொழிபெயர்க்க விடாதீர்கள். அப்புறம், பர்சரியை ஆண்டுதோறும் மறுபடி பார்ப்பார்கள். கூடுதல் ஷிப்ட் செய்து வருமானம் ஏறினால் சலுகை இறங்கும்.

சரி, உள்ளே வாழ்க்கை. எங்கள் காலத்தில் ஆண்கள் பள்ளிகளில் ஆசிரியரும் சரி, பையன்களும் சரி, குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. ஆகவே ஏழு ஆண்டுகள் பள்ளி முழுக்க என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டது. அந்த நீளமான பெயரை இரண்டு அசையாக வெட்டி, கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்துவிட்டார்கள். ஒருநாள் நண்பன் ஒருவன் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து முழுப் பெயரையும் சிரமப்பட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அப்பா, நான்தான் பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அவன் நாளைக்கு லத்தீன் டெஸ்ட், எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறான். அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆரோ விசரன் கதைக்கிறான்." இப்போது பல பள்ளிகளில் முதற்பெயர்தான் புழக்கம். உங்கள் மகன் தப்பித்தான்.

சிரிப்பாக இருந்தாலும் என் பள்ளி வாழ்க்கை முழுக்க இதே கதைதான். விடுதிப் பள்ளிக்குப் போகிறவன் தவணைக்கு ஒருமுறை உலகம் மாறுகிறான். பகல் பள்ளிக்காரன் ஒரு நாளைக்கு இரண்டுமுறை மாற வேண்டும். காலை ஆறு மணிக்கு எழும்பி, பஸ், பிறகு ரயில், பிறகு நடை. திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கு மூன்று நிறுத்தம் முன்பே பிளேசரைக் கழற்றி, சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவேன். பஸ்ஸில் எங்கள் பகுதிப் பள்ளிப் பையன்கள் ஏறுவார்கள், அந்தப் பிளேசரோடு உட்கார்ந்திருப்பது உடம்புக்கு நல்லதில்லை. காலையில் அதே பிளேசரை ரயில் நிலையக் கழிப்பறையில் தண்ணீர் தொட்டு நீவிவிடுவேன்.

பத்தாம் ஆண்டில், அதாவது பதினான்கு வயதில், கெடட் படையில் சேரச் சொன்னார்கள். நம் ஊர் என்.சி.சி. போல ஒன்று. வாரத்தில் ஒரு மதியம் படைச் சீருடை, பூட்ஸ், அணிவகுப்பு. மலையேற்றம், முகாம் எல்லாம் உண்டு என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன். வழக்கமாகப் பள்ளியிலேயே உடை மாற்றிக்கொண்டு வருவேன். ஒருநாள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே வந்துவிட்டேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி. படியில் பூட்ஸ் சத்தம். அம்மா சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்தார். நாங்கள் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்த குடும்பம். பச்சை உடுப்பைத்தான் அவர் பார்த்தார், என்னைப் பார்க்க ஒரு நொடி பிடித்தது. கதவை மூடிவிட்டார். பிறகு திறந்தார். "கழட்டு தம்பி," அவ்வளவுதான் சொன்னார். நான் வாசலிலேயே நின்று மேல்சட்டையைக் கழற்றினேன்.

மறுநாள் பொறுப்பாசிரியரிடம் போய், வீட்டில் விரும்பவில்லை என்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சமூகசேவை இருந்தது. அடுத்த ஆண்டு முடியும் வரை வெள்ளி மதியங்களில் ஒரு முதியோர் இல்லத்தில் தேநீர் ஊற்றினேன். கெடட் உள்ள பள்ளிகளில் பெரும்பாலும் இப்படி ஒரு மாற்று வழி இருக்கும். படிவம் வரும்போது நீங்களும் வாசியுங்கள், மகன் டிக் போட்டுக் கொண்டுவருவதில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சனிக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அணியில் பெயர் வந்தால் சனி காலை ரக்பி ஆட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். தமிழ்ப் பள்ளியும் சனி காலைதான். அம்மா ஒரு சமரசம் செய்தார்: ரக்பித் தவணையில் ரக்பி, மற்ற இரண்டு தவணையில் தமிழ். நான் பி அணிக்கு மேல் போகவில்லை, தமிழ் ஆறாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. மிச்சத் தமிழைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நானாக வாசித்துப் பிடித்தேன். இந்தப் பதிலில் ஒற்றுப்பிழை ஏதும் இருந்தால் ரக்பிதான் காரணம்.

ஆரம்பப் பள்ளியில் எப்போதும் முதல் ஆளாக வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டு வலிக்கும். அங்கே இருக்கிற எல்லோரும் அவரவர் பள்ளியில் முதல் ஆள்தான். முதல் கணக்குச் சோதனையில் நான் 22 பேரில் பதினேழாவது. "மற்ற 16 பேரும் ஆர்?" என்று அப்பா கேட்டார், ஏதோ அவர்களைப் போய்ப் பார்த்துப் பேசப் போகிறவர் போல. அதை விட எனக்கு வியப்பாக இருந்தது அந்தப் பையன்கள் பேசும் விதம். பன்னிரண்டு வயதுப் பையன் கையைத் தூக்கி, 'சேர், நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை' என்பான். ஆசிரியர் கோபிக்காமல் ஏன் என்று கேட்பார். நானும் அதை ஒருமுறை வீட்டில் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறைதான்.

பணக்காரப் பிள்ளைகள் கேலி செய்வார்களா என்று பலர் கேட்கிறார்கள். என்னை யாரும் செய்யவில்லை. பிள்ளைகளை விட வீட்டுக்கு வரும் கடிதங்களுக்குத்தான் பயப்பட வேண்டும். பனிச்சறுக்குச் சுற்றுலாக் கடிதம் ஆண்டுதோறும் வரும். நான் அதைப் பைக்குள்ளேயே மடித்து வைத்து, எனக்கு விருப்பமில்லை என்று நண்பர்களிடம் சொல்வேன். பாடத்தோடு தொடர்புள்ள பயணங்களுக்கு பர்சரி நிதியிலிருந்தே காசு கொடுப்பார்கள், கேட்டால் போதும் என்று பதினொன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. யாரும் தானாக வந்து சொல்லவில்லை. பெல்ஜியத்து முதல் உலகப்போர்க் களங்களைப் பார்க்கப் போன பயணத்தை அப்படித்தான் தவறவிட்டேன். நீங்கள் இப்போதே பர்சரிடம், அதாவது பள்ளியின் பணப் பொறுப்பாளரிடம், பயணம், இசை வகுப்பு, மதியச் சாப்பாடு, பள்ளி பஸ் இவற்றில் எது சலுகைக்குள் வரும், எது வராது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளேசரைப் புதிதாக வாங்க வேண்டாம். பழைய உடுப்பு விற்பனை பெரும்பாலான பள்ளிகளில் உண்டு, பாதிப்பேர் அங்கேதான் வாங்குகிறார்கள்.

இனி உங்கள் கணக்கு. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வந்துவிட்டது. லண்டனில் இந்த வகைப் பகல் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் 25,000 பவுண்ஸுக்கு மேல், சிலவற்றில் 30,000 ஐத் தாண்டும். 30,000 என்றே வையுங்கள். பாதி 15,000. ஏழு ஆண்டுக்கு 1,05,000, அதுவும் கட்டணம் ஏறாவிட்டால். அது ஏறாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. இது வரி கட்டியபின் கையில் வரும் காசு. மகனுக்கு ஒரு தங்கச்சி இருந்தால் அவளுக்கும் இதே கேள்வி வரும்.

கேட்டதால் என் முடிவைச் சொல்கிறேன்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிராமர் பள்ளிக்கு அனுப்புவேன். முழு பர்சரி என்றால் தனியார் பள்ளி என்றிருப்பேன். பாதி என்பது இரண்டு பேரையும் வேலையிலேயே கட்டிப்போடும், அந்தப் பள்ளியில் பிள்ளைக்கு எது நடக்கிறது என்று பார்க்க வீட்டில் யாரும் விழித்திருக்க மாட்டீர்கள். என் அப்பா ஏழு ஆண்டில் பெற்றோர் சந்திப்புக்கு வந்தது இரண்டு முறை. சட்டன் கிராமர் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. பிளேசரைச் சுருட்டுகிற வேலை அங்கே குறைவு.

இன்னும் மனம் தனியார் பள்ளிப் பக்கம் போனால், அவர்கள் இடம் தரும் கடிதம் பெப்ரவரியில் வரும், கிராமர் பள்ளி முடிவு மார்ச் 1 அன்று வரும், தனியார் பள்ளிக்குப் பதில் சொல்லும் கெடுவும் அதை ஒட்டித்தான் இருக்கும். முன்பணம் கட்டி ஏற்றுக்கொண்ட பிறகு பின்வாங்கினால் முன்பணம் போகும், பல பள்ளிகள் ஒரு தவணைக் கட்டணத்தையும் கேட்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பந்தியைத் தேடி வாசியுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலைநாள் காலை, மகனோடு அதே பஸ்ஸிலும் ரயிலிலும் பள்ளி வாசல் வரை ஒருமுறை போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு 'கிட்டத்தான்' என்று சொல்லாதீர்கள்.